நாற்பத்து மூன்று தோல்விகளும் என் ஓரகத்தியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான் ஆன்லைன் போக்கரில் தோற்ற கதைகளை ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது என்னை ஊரின் மறுகோடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போக்கர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை இது. எங்கள் மாநிலத்தில் அதற்கு அனுமதியும் கிடையாது, எங்களுக்கு அந்த ஆசையும் கிடையாது. ஊரடங்கு நாட்களில் வீட்டில் அடைந்து கிடந்தபோது என் கொழுந்தனார் ஓர் ஆப்பைக் கண்டுபிடித்து, குடும்பத்துக்கென்று ஒரு குழுவை ஆரம்பித்தார். ஊரடங்கு போன பிறகும் ஆட்டம் போகவில்லை. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு எட்டுப் பேர் அவரவர் வீட்டிலிருந்து ஆடுவோம். நானும் என் கணவரும் ஒரே சோபாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொள்வோம். கொழுந்தனாரும் அவர் மனைவியும், அதாவது என் ஓரகத்தியும், இதே ஊரில் கொண்டாப்பூரில் இருக்கிறார்கள். என் நாத்தனார் உட்பட மற்ற நான்கு பேர் திருநெல்வேலியிலும் சென்னையிலும்.

ஆடுவது வெறும் பொம்மைச் சில்லுகளை வைத்துத்தான். ஆனால் தண்டனை நிஜம். முதலில் வெளியேறுகிறவர் அந்த வாரம் திருநெல்வேலியில் இருக்கும் என் கணவரின் பெரியப்பாவுக்குப் போன் செய்து நலம் விசாரிக்க வேண்டும். பெரியப்பா தங்கமான மனிதர்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அவருடைய பித்தப்பைக் கல் ஆபரேஷன் கதையை, டாக்டர் பேசிய வசனங்கள் உட்பட, நான் அப்படியே ஒப்பிப்பேன். குடும்பத்து மருமகள்களிலேயே நான்தான் பாசக்காரி என்று அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எத்தனை முறை முதலில் வெளியேறியிருப்பேன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவருக்குத் தெரியாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கும். கையில் நல்ல சீட்டு இருப்பவர் சில்லுகளைப் பந்தயம் வைப்பார். மற்றவர்கள் அதே அளவு வைத்து 'காட்டு பார்க்கலாம்' என்று கேட்கலாம், அல்லது ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோலச் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய பந்தயம் வைத்து மற்றவர்களை ஒதுங்க வைக்கிற தந்திரமும் உண்டு. அதைத்தான் பிளஃப் என்கிறார்கள். இதில் என்னுடைய வேலை எப்போதும் 'காட்டு பார்க்கலாம்' என்று கேட்பதும், பார்ப்பதும், பார்த்துவிட்டு வெளியேறுவதும்தான்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலாநகரில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஒரு கருவி சோதனையில் தேறாமல் திரும்பி வந்தால், ஏன் தேறவில்லை என்று ஒரு ஃபெயிலியர் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். என்ன பழுது, எந்தக் கட்டத்தில், இதே பழுது முன்பு வந்திருக்கிறதா, வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது, காரணம் என்ன. காரணம் என்ற கட்டத்தில் யாராவது 'தற்செயல்' என்று எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தற்செயல் என்று ஒரு காரணமே கிடையாது, தேடப் பொறுமை இல்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். என் வாய் கொஞ்சம் நீளம். பிரிவில் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், என் வயதையொத்த சக அதிகாரி ஒருவரின் ரிப்போர்ட்டை மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பினேன். அவர் தெலுங்குக்காரர், நல்ல கிண்டல்காரர். திங்கட்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் நான் போக்கரில் தோற்ற புராணத்தைக் கேட்கிற பாவப்பட்ட ஜீவன். நான் ஒவ்வொரு முறையும், 'சீட்டே விழல, என் அதிர்ஷ்டம் அப்படி' என்றுதான் அந்தப் புராணத்தை முடிப்பேன். அன்றைக்கு அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர், திரும்பி நின்று கேட்டார்.

"மேடம், மீரு ஓடிப்போயினவன்னீ ராண்டமேனா?"

நீங்கள் தோற்றதெல்லாம் மட்டும் தற்செயல்தானா என்று கேட்கிறார். பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள்.  வீட்டுக்குக் கிளம்பும்போது நான்கு வெற்று ஃபெயிலியர் ரிப்போர்ட் படிவங்களை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டிலோ அந்த வாரம் நிலவரம் சரியில்லை. என் மாமியார் எங்கள் வீட்டில் மூன்று மாதம், கொழுந்தனார் வீட்டில் மூன்று மாதம் என்று முறை வைத்து இருப்பவர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டாப்பூருக்குப் போக வேண்டிய முறை. புதன்கிழமை என் ஓரகத்தி போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவ அத்தைய இன்னும் ரெண்டு மாசம் நீங்களே வச்சுக்க முடியுமா?"

"ஏம்மா, என்ன விஷயம்?"

"இப்ப என்னால முடியாதுக்கா. ஆபீஸ் விஷயம் கொஞ்சம்."

"ரிலீஸாக்கும்?"

 "ரிலீஸ்னே வச்சுக்கோங்களேன்க்கா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சென்னையில் வளர்ந்தவள், ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. கல்யாணமாகி வந்த ஏழு வருடங்களில் அவள் சொன்ன எந்தச் சமாதானத்தையும் நான் நம்பியதில்லை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது லீவு கிடைக்கவில்லை என்றாள். தீபாவளிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியபோது முதுகுவலி, வர முடியாது என்றாள். மற்ற நாட்களில் இருக்கவே இருக்கிறது அந்த ரிலீஸ், அதாவது புது மென்பொருளை வெளியே அனுப்புகிற வேலை. எங்கள் தொழிற்சாலையிலிருந்துகூட வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் ஏதாவது வெளியே போகும், இவளுக்கு மட்டும் வாராவாரம் என்ன ரிலீஸ் என்று நான் கணவரிடம் கேட்பேன். அவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். இந்த மாதிரி நேரத்தில் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

அவளிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு திட்டம் போட்டேன். முன்கூட்டியே எதுவும் சொல்லாமல், ஞாயிறு காலையில் மாமியாரையும் பெட்டியையும் கொண்டுபோய் அவள் வாசலில் நிற்பது. முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லட்டும் பார்க்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. முப்பது சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு நீளமான செய்தியைத் தட்டி வைத்திருந்தேன். அதில் அவள் பெயர் இருக்காது. ஆனால் படிக்கிற முப்பது பேருக்கும் யாரென்று தெரியும்.

இந்த நிலைமையில்தான் சனிக்கிழமை வந்தது. அடுத்த அறையில் மாமியார் உற்சாகமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கொண்டாப்பூர் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். லிஃப்ட் உண்டு, பெரிய டிவி உண்டு, கீழே பூங்காவில் கூடிப் பேச நான்கு தமிழ்க்காரர்கள் உண்டு.

"ஏட்டி, அந்தப் பச்சக்கர சேலய எங்கன வச்ச?" என்று குரல் வந்தது.

"கட்டிலுக்கு மேலதான் இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டு, ஆப்பைத் திறந்தேன்.

அந்த ஆப்பில் ஒரு வருடத்து ஆட்டங்கள் அப்படியே இருக்கும். யார் எவ்வளவு வைத்தார், காட்டும்போது கையில் என்ன சீட்டு என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். மொத்தம் நாற்பத்தாறு ஞாயிறுகள். மூன்றில் ஜெயித்திருந்தேன். மீதி நாற்பத்து மூன்று. படிவத்தில் கோடு போட்டு ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். என் கையில் என்ன, நடுவில் என்ன, எந்தக் கட்டத்தில் வெளியேறினேன், யாரால் வெளியேறினேன். முதல் பத்து வரி எழுதும்வரை, என் துரதிர்ஷ்டத்துக்கு ஓர் அத்தாட்சி தயாராகிறது என்ற திருப்தியில்தான் இருந்தேன். திங்கட்கிழமை அதை அந்தக் கிண்டல்காரரின் மேசையில் வைத்துவிடலாம்.

'யாரால்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதச் சோம்பல்பட்டு, ஓரகத்தி என்பதற்கு வெறும் 'ஓ' என்று போட்டு வந்தேன். இருபதாவது வரியில் கண் அந்தக் கட்டத்தின் மேலே போனது. ஓ, ஓ, நாத்தனார், ஓ, ஓ, ஓ. நாற்பத்து மூன்றையும் எழுதி முடித்து எண்ணினால், இருபத்தேழு முறை நான் வெளியேறியது அவள் ஒருத்தியால். அந்த இருபத்தேழிலும் கதை ஒன்றேதான். அவள் பெரிய பந்தயம் வைக்கிறாள், மற்ற எல்லோரும் ஒதுங்குகிறார்கள், நான் மட்டும் 'காட்டு பார்க்கலாம்' என்று கேட்கிறேன். அவள் காட்டுகிறாள். இருக்கிறது.

என் தொழில்புத்தி உடனே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. தோற்ற ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் எதிராளியிடம் நல்ல சீட்டு இருக்கத்தானே செய்யும். பழுதானதை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது, தேறியதையும் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். ஆகவே அந்த ஒரு வருடத்தில் அவளுடைய பெரிய பந்தயத்தை நான் எதிர்த்து நின்ற எல்லா ஆட்டங்களையும் தேடி எடுத்தேன். மொத்தம் முப்பத்தொன்று. நான் தப்பித்தது நான்கில். அந்த நான்கிலும் அவள் கையில் நல்ல சீட்டுதான் இருந்திருக்கிறது. கடைசிச் சீட்டு எனக்குச் சாதகமாக விழுந்ததால் பிழைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆக, முப்பத்தொரு முறை அவள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். முப்பத்தொரு முறையும் இருந்திருக்கிறது. முப்பத்தொரு முறையும் நான் நம்பவில்லை.

அந்த நேரத்தில் என் கணவர் அரை ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். நான் படிவத்தை அவர் முன்னால் நீட்டினேன். கைகூடக் கழுவாமல் அப்படியே நின்று படித்தார்.

"இது தெரிஞ்ச கததான" என்றார்.

"யாருக்குத் தெரிஞ்ச கத?"

"எல்லாருக்கும். அவ வச்சா நாங்க எல்லாரும் போட்ருவோம்லா. அவ சும்மா வைக்க மாட்டா. நீதான் விடவே மாட்ட."

"அப்ப ஒருத்தராவது சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா அப்புறம் பெரியப்பாவுக்கு நாங்கல்லா போன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வேறு நாளாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது. ஆனால் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. படிவத்தில் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று யோசிக்க யோசிக்க, மண்டைக்குள் புதன்கிழமை போன்தான் திரும்பத் திரும்ப ஓடியது. இப்ப என்னால முடியாதுக்கா. அதையும் அவள் அதே மாதிரிதான் சொல்லியிருந்தாள். ஜோடனை இல்லாமல், ஒரே வரியில்.

கண் ஆபரேஷன் நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்றாளே, அது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நானாக முடிவுசெய்துகொண்டது. அந்தத் தீபாவளி முதுகுவலிக்குப் பிறகு அவள் மூன்று மாதம் பிசியோதெரபிக்குப் போனாள் என்று கொழுந்தனாரே ஒரு தடவை சொன்னார். அப்போதும் நான், இந்தக் காலத்தில் யார்தான் போகவில்லை என்று தட்டிவிட்டேன். கையில் இருக்கிற சீட்டைக் காட்டிய பிறகும் நம்பாதவளை என்ன செய்வது? எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது. நாளை காலை நான் போட்டிருந்த திட்டமும் முப்பத்திரண்டாவது 'காட்டு பார்க்கலாம்'தான். ஆனால் இந்தத் தடவை தோற்றால் போவது பொம்மைச் சில்லு இல்லை. மாமியார் முன்னாலும் முப்பது சொந்தங்கள் முன்னாலும் அவள் ஒருமுறை தலைகுனிந்துவிட்டால், பிறகு இரண்டு வீடும் முன்பு மாதிரி ஒட்டாது.

போனில் பேசினால் நான் மறுபடியும் ஏதாவது குத்தலாகக் கேட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. மாமியாரிடம், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மெட்டுகுடா ஸ்டேஷனுக்குப் போய் மெட்ரோ ஏறினேன். ஹைடெக் சிட்டியில் இறங்கினால் மழை பிடித்துக்கொண்டது. கொண்டாப்பூர் என்று சொன்னதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் 'நக்கோ', வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் ஏற்றிக்கொண்டார். பாதி நனைந்த கோலத்தில் போய் அவள் வீட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா திகைப்பதா என்று தெரியவில்லை. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கோட்டும். கீழே பூப்போட்ட நைட் பேன்ட். காதில் இன்னும் ஹெட்போன் தொங்கியது.

"அக்கா, நீங்களா?" என்றவள், என் பின்னால் எட்டிப் பார்த்தாள். மாமியார் வந்திருக்கிறாரா என்று பார்க்கிறாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது.

ஹாலில் லேப்டாப் கேமராவில் தெரிகிற ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு செடி, இரண்டு புத்தகம், ஒரு படம். மற்ற மூன்று பக்கமும் காகிதமும் காப்பிக் கோப்பையும்தான். கொழுந்தனார் காய்கறி வாங்கப் போயிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, "அத்தைய நாங்களே வச்சுக்கிடுதோம். ரெண்டு மாசம்னாலும் சரி, நாலு மாசம்னாலும் சரி. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

 அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"வேலை போயிடுச்சுக்கா. ரெண்டு மாசமாச்சு. எங்க டீமையே எடுத்துட்டாங்க. தினம் ரெண்டு மூணு இன்டர்வியூ ஓடுது. எல்லாமே இந்த ஹால்லதான். அத்தை இங்க இருந்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் ஊருக்கே மைக் செட் வச்ச மாதிரிதான். ஒவ்வொருத்தரா போன் பண்ணி என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டா, என்னால இன்டர்வியூல பேசவே முடியாதுக்கா."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா."

"சொல்லலாம்னுதான் புதன்கிழம போன் பண்ணேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஆனா நீங்க நம்ப மாட்டீங்களேக்கா. வேலை போச்சுன்னு சொன்னாலும், அத்தைய அனுப்பாம இருக்க ஒரு சாக்குன்னு நெனப்பீங்க. கேம்லயே பாக்கறேனே. எட்டுப் பேர்ல நீங்க ஒருத்தர்தான் நான் என்ன வச்சாலும் பாத்தே ஆகணும்பீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன், ஒருவர் முன்னாலும் அழுததில்லை. கைப்பையைத் திறந்து, மழையில் ஓரம் நனைந்திருந்த அந்தப் படிவங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் முதலில் என்னவென்று புரியாமல் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாதியில் உதட்டைக் கடித்தாள். மூன்றாவது பக்கத்துக்கு வருவதற்குள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, இதுல ஒண்ணு தப்பு. பதினெட்டாவது வரி நான் இல்ல, மாமா. அன்னிக்கு உங்கள வெளிய அனுப்பினது உங்க வீட்டுக்காரர்தான்."

சரிபார்த்தோம். உண்மைதான். இருபத்தாறு என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. போட்டாள். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்கும்போது, ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அதென்ன, ஒரு தடவகூட நீ சும்மா வச்சதே இல்லயே. அதுதான இந்த ஆட்டத்துல ருசியே."

"எப்படிக்கா வைப்பேன்? உண்மையா இருக்கும்போதே நீங்க விட மாட்டீங்க. இல்லாதத வச்சா என் கதி என்ன?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மெட்ரோவில் திரும்பி வரும்போது வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டது. ஏழு வருடம் ஒருத்தி என் முன்னால் ஒவ்வொரு வார்த்தையையும் சாட்சியோடு பேச வேண்டியிருந்திருக்கிறது. ஒரு விளையாட்டுப் பொய்கூடச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறாள். இறங்குவதற்கு முன்னால், வாட்ஸ்அப்பில் தட்டி வைத்திருந்த அந்த நீளச் செய்தியை அழித்தேன்.

வீட்டில் மாமியார் பெட்டியைப் பூட்டி, வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார்.

"அத்தை, இன்னும் ரெண்டு மாசம் இங்கனயே இருங்களேன். எனக்கு நீங்க இங்க வேணும்" என்றேன்.

"ஏன், சின்னவ வேண்டாம்னுட்டாளோ?"

"அவ சொல்லல. நான்தான் விட மாட்டேன்னு போய்ச் சொல்லிட்டு வாரேன்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருடத்தில் நான் அவரிடம் பேசிய வசனங்களில் இது புதுசு. "லிஃப்ட் இல்லாத வீடு. படி ஏறுததுக்கு மூட்டுத் தைலம் வாங்கி வையி" என்றார். ஆனால் அடுத்த நாள் காலையில் பால்காரரிடமும், மாடிவீட்டு அம்மாவிடமும், தெலுங்கும் தமிழும் கலந்து, பெரிய மருமகள் என்னை விட மாட்டேன் என்கிறாள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது எனக்குச் சமையலறை வரை கேட்டது. நான் போட்ட திட்டத்தின்படி பார்த்தால், அதே நேரத்தில் நாங்கள் கொண்டாப்பூர் வாசலில் நின்றுகொண்டிருந்திருப்போம். 

அன்றைக்கு மத்தியானம் ஆட்டத்தில் ஓரகத்தி வழக்கம்போலப் பெரிய பந்தயம் வைத்தாள். எல்லோரும் ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன்.  உடனே நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது: "மதினி, ஒங்களுக்கு நெட் போயிட்டா?" என் கணவர் சோபாவின் மறுமூலையிலிருந்து என் போனை எட்டிப் பார்த்தார். அந்த வாரம் பெரியப்பாவுக்குப் போன் செய்தது அவர்தான். பித்தப்பைக் கதையை முதல் முறையாக முழுதாகக் கேட்டுவிட்டு வந்து, இவ்வளவு நாள் எப்படித் தாங்கினாய் என்று என்னைக் கேட்டார்.

அக்டோபரில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் அதை முதலில் போன் செய்து சொன்னது தன் கணவருக்கு, இரண்டாவது எனக்கு. அதற்கு அடுத்த வாரம் மாமியார் பச்சைக்கரைச் சேலையோடு கொண்டாப்பூருக்குக் கிளம்பினார். என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிறு ஆட்டத்தில் என் கையில் ஒரு ராணி ஜோடி. லேசில் வராது. நடுவில் ஒரு ஏஸும் ஒரு ராஜாவும் திறந்தன. ஓரகத்தி தன் எல்லாச் சில்லுகளையும் ஒரே தள்ளாகத் தள்ளினாள். பழைய நானாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன். இப்போது, அவளிடம் ஏஸ் ஜோடி இருக்கிறது என்று முடிவுசெய்து, அந்த அழகான ராணிகளை வருத்தத்தோடு போட்டுவிட்டு ஒதுங்கினேன்.

ஜெயித்தவர் விரும்பினால் தன் சீட்டைக் காட்டலாம் என்று ஆப்பில் ஒரு வசதி உண்டு. அவள் காட்டினாள். கிளாவர் ஏழும் ஆர்ட்டின் இரண்டும். இதைவிட மட்டமான கை இந்த ஆட்டத்திலேயே கிடையாது. ஒன்றுமே இல்லாமல் என்னை ஓட வைத்திருக்கிறாள். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. எடுத்தால் ஒரே சிரிப்பு. பின்னணியில் மாமியார், "ஏன் இவ இப்பிடிச் சிரிக்கா?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போய்விட்டன. மற்றவர்கள் ஏதாவது சொன்னால் 'காட்டு பார்க்கலாம்' என்று கேட்கிற புத்தி என்னை விட்டு முழுதாகப் போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆபீஸில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஆனால் என்னுடைய எல்லாத் தோல்விகளிலும் இந்த ஒன்றை மட்டும் மாற்றி ஆடச் சொன்னாலும் ஆட மாட்டேன். கையில் ஒன்றுமில்லாமலே என் ஓரகத்தியால் என்னை ஜெயிக்க முடிந்த அந்த நாளில்தான், அவளுக்கு நான் ஒருவழியாகச் சொந்தமானேன் என்று இன்றும் நம்புகிறேன்.